வீட்டில் சிலந்தியா? ஒட்டடைக் குச்சிக்கு முன்னால் லைட்டைப் பாருங்கள்

சேலத்தில் கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி என்று மலையடிவாரத்தில் குடியிருந்தால் எட்டுக்கால் பூச்சியோடுதான் குடித்தனம். புதிதாக வந்தவர்கள் ஸ்ப்ரே வாங்கி மூலை மூலையாக அடிப்பார்கள். காசுக்குக் கேடு. சிலந்தி கால் நுனியால் நடக்கும், மீதி நேரம் வலையில் தொங்கும். சுவரில் அடித்த மருந்து அதன் மேல் அதிகம் படாது. அது வருவதே கொசுவையும் ஈசலையும் தின்னத்தான். சாப்பாட்டை நிறுத்துவதில் இருந்து ஆரம்பிப்போம்.

படி 1: வாசல் லைட்
வெள்ளை வெளிச்சத்துக்கு மொய்க்கும் அளவு மஞ்சள் எல்இடிக்குப் பூச்சி மொய்க்காது. வாசல், மொட்டைமாடிப் படி, பின்கட்டு மூன்றிலும் மாற்றுங்கள். மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பினால் வெளி லைட்டை அணைத்துவிடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. காலையில் கழுத்தில் கோடு இழுத்த மாதிரி எரிச்சலோடு கொப்புளம் இருந்தால் சிலந்தி மேல் பழி போடுகிறோம். பெரும்பாலும் அது, லைட்டுக்கு வரும் சிவப்பும் கறுப்புமான ஒரு சின்ன வண்டு தோலில் நசுங்கியதால் வருவது.

படி 2: ஒட்டடை
வியாழக்கிழமை வீடு கழுவும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குச்சி நுனியில் ஈரத்துணியைச் சுற்றிக் கட்டினால் வலை துணியில் ஒட்டிக்கொண்டு வரும், தலையில் கொட்டாது. பரண், சாமி படங்களின் பின்பக்கம், மீட்டர் பெட்டி, சிலிண்டர் வைக்கும் மூலை எல்லாம் பாருங்கள். வலையை விட முட்டைப்பைதான் முக்கியம். அதை விட்டுவைத்தால் அடுத்த கூட்டம் தயார். துணியோடு சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

வலையே கட்டாமல் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரிக்கும் ஒன்று உண்டு. கரப்பான் பூச்சியைப் பிடித்துத் தின்னும். வயிற்றுக்கு அடியில் மாத்திரை மாதிரி வெள்ளை வட்டம் தெரிந்தால் அது முட்டை சுமக்கும் பெண். விளக்குமாற்றால் அடித்தால் பை கிழிந்து குஞ்சுகள் சிதறலாம். பெரிய கண்ணாடி டம்ளரையோ டப்பாவையோ மெதுவாகக் கவிழ்த்து, பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை அடியில் நுழைத்து, அப்படியே வெளியே கொண்டுபோய் விடுங்கள்.

படி 3: சந்துகள்
கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, வெண்டிலேட்டருக்கும் பாத்ரூம் ஜாலிக்கும் கொசுவலை, ஏசி குழாய் நுழையும் ஓட்டைக்கு எம்சீல். அவ்வளவுதான்.

படி 4: கொல்லை
விறகு, உடைந்த ஓடு, செங்கல், தென்னை மட்டை எதையும் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். செடி கொடிக்கும் சுவருக்கும் இரண்டடியாவது இடைவெளி இருக்கட்டும். ஏற்காட்டில் ஓட்டு வீடு என்றால் சந்து அடைத்து மாளாது; அங்கே சாக்குகளைத் தரையில் போடாமல் பலகை மேல் வைப்பதும், ஷூவைத் தட்டிவிட்டுப் போடுவதும்தான் வழி.

மரப்பொந்தில் ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தியைப் பார்த்தால் கை வைக்கவேண்டாம், கொல்லவும் வேண்டாம். நம் ஊர்ப் பெயரையே தாங்கிய சிலந்தி இனம் ஒன்று உண்டு: 'சேலம் ஆர்னமென்டல்'. 1899-இல் போகாக் என்ற விலங்கியல் அறிஞர் முதன்முதலாக விவரித்தது. அழியும் ஆபத்தில் உள்ள இனம். இந்த வகைச் சிலந்திகள் கடித்தால் வலியோடு தசைப்பிடிப்பும் வரும்.

வீட்டுச் சிலந்திக் கடி பெரும்பாலும் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் அடங்கிவிடும். சுண்ணாம்பு, மஞ்சள் என்று எதையும் அப்பாதீர்கள். வீக்கம் பரவினாலோ, தசை இழுத்துப் பிடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.