சமத்தா உக்காந்திருந்தான்னு டேகேர்ல சொன்னா சந்தோஷப்படாதீங்க

ஒன்றரை வயசு, ரெண்டு வயசு குழந்தை நாள் பூரா ஒரே இடத்துல சமத்தா இருந்துச்சுன்னா அது பாராட்டுற விஷயமே இல்ல, ஏன் இருந்துச்சுன்னு கேக்க வேண்டிய விஷயம். அந்த வயசுல மூளை கத்துக்குறதே பெரும்பாலும் கை கால் மூலமாத்தான், ஆனா நம்ம ஆளுங்க நிறைய பேர் ஓட்டத்த "எனர்ஜி தீரட்டும், அப்பத்தான் தூங்கும்"ங்கற கணக்குல மட்டும் வெச்சிருக்காங்க. முதல் தப்பே அதுதான்.

2019ல உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டுதல் குடுத்துச்சு, 1ல இருந்து 4 வயசு வரைக்கும் தினமும் குறைஞ்சது 180 நிமிஷம் உடம்பு அசையணும், அதுவும் நாள் முழுக்க பரவலா. இத பாத்துட்டு காலைல ஒரு மணி நேரம் ப்ளே டைம்னு டைம்டேபிள்ல போட்டு முடிச்சிடுறாங்க. அதே வழிகாட்டுதல்ல ஸ்ட்ரோலர், ஹை சேர்ல ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கட்டி வெக்காதீங்கன்னும் இருக்கு, அத யாரும் படிக்கிறதில்ல. சாப்பாடு வர்றதுக்கு முன்னாடியே பெல்ட் போட்டு உக்கார வெச்சு, எல்லா குட்டிக்கும் ஊட்டி முடிக்கிற வரைக்கும் இறக்கி விடாம இருந்தா அந்த ஒரு மணி நேரம் அங்கயே போயிடும்.

அடுத்தது, விழுந்துடும்னு தூக்கிட்டே திரியறது. தானா நகர்றதும் தூக்கிட்டுப் போறதும் மூளைக்கு ஒண்ணு கிடையாது. 1963ல ஹெல்ட், ஹெயின்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க பூனைக்குட்டிய வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க, ஒரு குட்டி நடக்கும், அது நடக்க நடக்க இன்னொரு குட்டி தொட்டில உக்காந்தபடியே கூட சுத்தும், ரெண்டும் பாக்குறது ஒரே காட்சிதான், ஆனா நடந்த குட்டிக்குத்தான் ஆழம் பள்ளம் ஒழுங்கா புரிஞ்சுது. தொட்டில போனது அப்புறம் ஃப்ரீயா நடக்க விட்டதும் சரியாயிடுச்சு, அது வேற விஷயம்.

விழறதப் பத்தியும் சொல்லணும். 2012ல கேரன் அடால்ஃப்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு 12ல இருந்து 19 மாச குழந்தைங்க விளையாடுறத எண்ணிப் பாத்துச்சு, மணிக்கு சராசரியா 2,368 காலடி எடுத்து வெக்குதுங்க, 17 தடவ விழுதுங்க. அப்போ விழறது பாட்டுக்கு விழட்டும், நம்ம வேலை தரைய பத்திரமா வெக்கிறது, கூர்மையான ஓரத்த மூடுறது. ஒரு தாழ்வான படிகிட்ட குழந்தைய விட்டுட்டு பாருங்க, எட்டிப் பாக்கும், நிக்கும், அப்புறம் முதுகத் திருப்பி வயித்துல படுத்து ஒரு கால மட்டும் கீழ விட்டு தரை எங்கன்னு தேடும். யோசிக்குது, பிளான் பண்ணுது சார், நாம ஓடிப் போய் தூக்கினா அதுல பாதி போச்சு!

வாக்கர் வாங்கித் தர்றவங்களுக்கு ஒண்ணு, கனடாவுல 2004லயே அத விக்கத் தடை போட்டாச்சு, காயம் படுறதுதான் காரணம், சீக்கிரம் நடக்கவும் அது உதவாது.

அடம் பிடிச்சா "இன்னிக்கு வெளிய விளையாட்டு கிடையாது"ன்னு தண்டனை குடுக்குற டேகேரும் இருக்கு, சும்மாவே துறுதுறுன்னு இருக்குற புள்ளைய இன்னும் அடைச்சு வெச்சா அடம் கூடத்தான் செய்யும்.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கூட்டம், மூளைய வளக்குற எக்சர்சைஸ், ஐக்யூ ஏறும்னு தனி க்ளாஸ் விக்குது. அசைவுக்கும் அறிவு வளர்ச்சிக்கும் தொடர்பு இருக்கறது உண்மைதான், ஆனா இவ்ளோ சின்ன வயசுல இத்தனை பாயின்ட் ஏறும்னு யாராலயும் உறுதி குடுக்க முடியாது, காச வேஸ்ட் பண்ணாதீங்க. ஏறி இறங்க மெத்தை, தள்ள ஒரு பெட்டி, பாட்டு நின்னா நாமளும் நிக்கிற விளையாட்டு போதும். ரெண்டு வயசுக்கு அந்த நிக்கிறது சரியா வராது, வரலன்னா திட்டாதீங்க, தன்ன தானே கட்டுப்படுத்துறது மெதுவாத்தான் வரும்.

டேகேர் பாக்கப் போனா மழை பெஞ்சா குழந்தைங்க எங்க ஓடுவாங்கன்னு கேளுங்க. "டான்ஸ் வீடியோ போடுவோம்"னு சொன்னாங்கன்னா ஒரு வயசுக்கு ஸ்க்ரீனே வேணாம், ரெண்டு வயசுக்கு மேல அதிகபட்சம் ஒரு மணி நேரம்தான்னு அந்த வழிகாட்டுதல்லயே இருக்குன்னு எடுத்துச் சொல்லுங்க.