பற்றுச்சீட்டுச் செயலிக்குள் லுவா மொழியைப் பொருத்தும் முறை

கொழும்பு, புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பற்றுச்சீட்டு மென்பொருள் எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில், வரி மாறிய ஒவ்வொரு தடவையும் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 8 சதவீதத்திலிருந்து 12 ஆகவும், அதே ஆண்டு செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. கடைசி மாற்றத்தோடு, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த பல பொருட்களும் வரிக்குள் வந்தன. வீதம் ஓர் எண்தான். அதை அமைப்புப் பக்கத்திலேயே மாற்றிவிடலாம். எந்தப் பொருளுக்கு வரி, எத்தனை மூட்டைக்கு மேல் கழிவு, கடன் வாடிக்கையாளருக்கும் அது உண்டா என்பன போன்ற விதிகளோ நிரலுக்குள் புதைந்து கிடந்தன. ஆகவே செயலியை மீண்டும் தொகுத்து (compile), பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. அடிக்கடி மாறும் இவ்விதிகளை மட்டும் ஒரு சிறிய மொழியில் தனிக் கோப்பாக எழுதி, செயலி ஓடும்போதே அதை வாசிக்கச் செய்யும் வழியை இங்கே விளக்குகிறேன்.

நான் தெரிந்தெடுத்தது லுவா. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993 இல் பிறந்த இம்மொழி, தொடக்கத்திலிருந்தே வேறொரு செயலிக்குள் குடியிருப்பதற்கென வடிவமைக்கப்பட்டது. சி மொழியில் எழுதப்பட்டது. எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பது. சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்குவது. விதிகளை எழுதப்போகிறவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கெனவே பழக்கமென்றால், 2019 இல் வெளிவந்த குவிக்ஜேஎஸ் நல்ல மாற்று.

லுவா 5.4 இன் மூலக் கோப்புறையிலுள்ள சி கோப்புகளில் ‘லுவா’, ‘லுவாக்’ என்னும் இரண்டையும் தவிர்த்து, மற்றவை அனைத்தையும் உங்கள் திட்டத்தோடு சேர்த்துத் தொகுத்தால் போதும். அவ்விரண்டிலும் நிரல் தொடங்கும் இடமான மெயின் சார்பு (function) தனித்தனியே இருப்பதால், சேர்த்தால் இணைப்பில் மோதும். உங்கள் செயலி சி++ ஆனால் லுவாவையும் சி++ ஆகவே தொகுங்கள். இல்லையேல் பிழை நேரும்போது லுவா நேராகத் தாவிவிடும், உங்கள் நிரலின் பொருள்களை (objects) விடுவிக்கும் அழிப்பான்கள் இயங்கமாட்டா.

செயலியும் லுவாவும் பேசிக்கொள்வது ஓர் அடுக்கின் (stack) வழியாக. கடைசியாக வைத்தது அதன் உச்சியில் நிற்கும். அடுக்கின் மேல் விதிச் சார்பை வைக்கிறீர்கள். அதன்மேல் மூட்டை எண்ணிக்கையையும் விலையையும் வைக்கிறீர்கள். பிறகு, பிழை நேர்ந்தால் அதைப் பிடித்துத் தரும் ‘பீகால்’ சார்பை, இரண்டு உள்ளீடு, ஒரு விடை என்று சொல்லி அழைக்கிறீர்கள். வைத்த மூன்றும் மறைந்து, விடை உச்சியில் நிற்கும். உச்சியிலிருந்து எண்ணினால் அதன் இடம் −1. அது முழு எண்தானா என்று சோதித்து வாசித்தபின் அடுக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். அழைப்பு தோற்றாலும் பிழைச் செய்தி அதே உச்சியில் வந்து நிற்கும் என்பதை நான் ஆரம்பத்தில் கவனிக்கவில்லை. வெற்றி பெற்ற பாதையில் மட்டும் எடுத்துவிட்டு, தோற்ற பாதையில் விட்டுவைத்தேன். ஒரு பொருளின் விதியில் பிழை இருந்த நாளன்று செய்திகள் ஒன்றன்மேலொன்றாகக் குவிந்து, கடையில் கூட்டம் நின்ற வேளையில் செயலி நின்றுபோனது. அன்றிலிருந்து, அழைப்புக்கு முன் அடுக்கின் உயரத்தைக் குறித்து வைத்து, முடிந்ததும் ‘செட்டாப்’ மூலம் அதே உயரத்துக்குக் கொண்டுவருகிறேன்.

எந்தக் கதவுகளைத் திறப்பது என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். ‘ஓப்பன்லிப்ஸ்’ சார்பை அழைத்தால், கோப்புகளை அழிக்கவும் வேறு நிரல்களை ஏவவும் வல்ல ‘ஐஓ’, ‘ஓஎஸ்’ நூலகங்களும் கூடவே நுழைந்துவிடும். விலை கணக்கிட அவை தேவையில்லை. அடிப்படை, சரம், அட்டவணை, கணிதம் ஆகியவற்றை மட்டும் ஏற்றுங்கள். அடிப்படையிலும், வேறு நிரலை ஏற்றும் ‘லோட்’, ‘லோட்ஃபைல்’, ‘டூஃபைல்’ ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். விதிக் கோப்பை உரை வடிவில் மட்டுமே ஏற்க வேண்டும், ஏனெனில் திரிக்கப்பட்ட பைட்கோடு, அதாவது ஏற்கெனவே தொகுத்த இரும வடிவம், செயலியையே கவிழ்க்கக்கூடும். முடிவில்லாச் சுழலுக்கு ‘செட்ஹூக்’ மருந்து: இத்தனை கட்டளைகளுக்கு ஒருமுறை உங்கள் சார்பை அழைக்கச் செய்து, வரம்பு மீறினால் பிழை எழுப்பலாம். விதிக்குள்ளிருந்தே அப்பிழையைப் பிடித்து விழுங்க முடியாதபடி, லுவாப் பக்கத்து ‘பீகால்’, ‘எக்ஸ்பீகால்’ இரண்டையும் நீக்கிவிட வேண்டும்.

பணத்தைச் சதத்தில், முழு எண்ணாகக் கொடுங்கள். ரூபா 1,250.75 என்பது 125075 சதம். 18 சதவீத வரியைக் காண அதை 18 ஆல் பெருக்கி, கிட்டிய சதத்துக்கு வர 50 கூட்டி, பின்னத்தை விட்டுவிடும் இரட்டைச் சாய்கோட்டால் (//) 100 ஆல் வகுத்தால் 22514 சதம், அதாவது ரூபா 225.14. ஒற்றைச் சாய்கோடு தசம எண்ணைத் தரும், அதை இங்கே பயன்படுத்தலாகாது.

தமிழ்ப் பெயர்களிலும் ஒரு பொறி உண்டு. ‘கொழும்பு’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. லுவாவின் நீளக் குறியோ (#) 24 என்னும், ஏனெனில் அது பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்8 நூலகம் 8 என்னும், ஏனெனில் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. பற்றுச்சீட்டின் அகலத்துக்குப் பெயரை வெட்டும் வேலையை விதிக் கோப்பிடம் விடாமல் செயலியே செய்யட்டும்.

கைப்பேசிப் பதிப்பில், செயலியோடு அடங்கி வரும் விதிக் கோப்புக்குத் தடையில்லை. ஆனால் இணையத்திலிருந்து இறக்கும் நிரல் செயலியின் அம்சங்களையே மாற்றுமானால் ஆப்பிள் அதை மறுக்கும். அங்கே விதிகளைக் குறுக்கி, வீதங்களையும் பட்டியல்களையும் வெறும் தரவாக அனுப்புங்கள்.

புதிய விதிக் கோப்பை ஏற்றுமுன், விடை தெரிந்த பத்துப் பதினைந்து பழைய பற்றுச்சீட்டுகளை அதன் வழியே ஓட்டி ஒப்பிடுங்கள். ஒன்று பிசகினாலும் முந்தைய கோப்பே தொடரட்டும். லுவா தரும் பிழைச் செய்தியில் கோப்பின் பெயரும், பிழை நேர்ந்தது அதன் எத்தனையாவது வரியில் (line) என்ற எண்ணும் இருக்கும். அவ்வெண்ணைப் பிரித்தெடுத்து, ‘விதிக் கோப்பு, வரி 14: கழிவு வீதம் தரப்படவில்லை’ என்பதுபோலத் தமிழில் திரையிட்டால், காசாளர் தொலைபேசியில் அதை வாசித்துச் சொல்வார், நீங்களும் இருந்த இடத்திலிருந்தே அந்த ஒரு வரியைத் திருத்தி அனுப்பலாம்.