'90 நாளில் 15 கிலோ' புரோகிராமுக்குப் பணம் கட்டும் முன்

இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே எடையைக் குறைத்துத் தருகிறோம் என்கிற இந்த விளம்பரங்கள்தான். ஒரே ஆளின் இரண்டு போட்டோ, நடுவில் ஓர் அம்புக்குறி, கீழே "4,999 ரூபாய் புரோகிராம், இன்று மட்டும் 999". வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உடற்பயிற்சிகளைத் தெரிந்துகொள்ள யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. பஸ்கி, தண்டால், பிளாங்க் என்று எதைத் தேடினாலும் யூடியூபில் நல்ல வீடியோ கிடைக்கும். ஓடியே பழக்கமில்லாதவரை 9 வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓட வைக்கும் 'கவுச் டு 5கே' திட்டத்தை பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். இலவச ஆப்பாகவே தருகிறது. காசு கொடுக்கத் தகுந்தது ஒன்றுதான். நீங்கள் செய்வதைப் பார்த்து, தப்பைத் திருத்தி, உங்கள் உடம்புக்கு ஏற்றபடி திட்டத்தை மாற்றித் தருகிற ஒரு பயிற்சியாளரின் கவனம். நீங்கள் பார்க்கிற புரோகிராமில் அது இருக்கிறதா?

கண்டுபிடிக்க எளிய வழி, பணம் கட்டும் முன்பே ஒரு கேள்வி அனுப்புவது. பொதுவாக "எனக்குச் செட் ஆகுமா" என்று கேட்டால் "கண்டிப்பா ஆகும்" என்றுதான் பதில் வரும். அதனால் குறிப்பாகக் கேளுங்கள்: "எனக்கு 42 வயது, படி இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கிறது, லஞ்சஸுக்கு (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்கும் பயிற்சி) பதிலாக என்ன செய்யச் சொல்வீர்கள்?" உண்மையான பயிற்சியாளர் என்றால் உடனே பதிலே சொல்ல மாட்டார், திருப்பிக் கேட்பார்: வலி எத்தனை நாளாக, வீக்கம் இருக்கிறதா, டாக்டரிடம் காட்டினீர்களா, நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழ முடிகிறதா. பணம் மட்டும் குறி என்றால் "சார் ஆஃபர் இன்று இரவு முடிகிறது" என்று பேமென்ட் லிங்க்கோடு வரும். அப்படி வந்தால் வாங்காதீர்கள், அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

'உங்களுக்கென்றே தயாரித்த பிளான்' என்ற வாக்கியத்திடம் ரொம்பவே உஷாராக இருங்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில அரசு 2022-ல் ஒரு ஃபிட்னஸ் இன்ஃப்ளூயன்சர் மீது வழக்குப் போட்டது இதற்காகத்தான். தனித்தனி பிளான் என்று விற்றுவிட்டு, வாங்கியவர்களுக்கு அப்படித் தரவில்லை என்பது குற்றச்சாட்டு. அடுத்த வருடம் 4 லட்சம் டாலருக்கு அது சமரசத்தில் முடிந்தது. ரெடிமேட் சட்டையைக் கொடுத்துத் தையல் கூலியும் கேட்கிற வேலை இது. இங்கே நீங்கள் செய்யக்கூடியது, ஏற்கெனவே சேர்ந்த இரண்டு பேரைப் பிடித்து அவர்களுடைய முதல் வார பிளானை ஒப்பிடுவது. 25 வயதுப் பையனுக்கும் பிரசவமாகி ஆறு மாதமான பெண்ணுக்கும் ஒரே பிடிஎஃப் வந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

அப்புறம் ஆறாவது வார அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். முதல் வாரத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ஆறாவது வாரத்தில் எடை, எண்ணிக்கை, செட் ஏதாவது படிப்படியாகக் கூடியிருக்க வேண்டும், ஓய்வு நாளும் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி, அவ்வளவுதான். புதிதாக வருகிறவரை வாரம் ஆறு நாள், தினம் ஒரு மணி நேரம் குதிக்க வைக்கிற திட்டம் பத்தாவது நாளில் கைவிடப்படும், இல்லையென்றால் காலில் அடிபடும்.

எடைக் கணக்குக்கு வருவோம். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் உடம்பு மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும் வடிவமான கிளைகோஜன் கரையும், ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் போகும். 'முதல் வாரமே 3 கிலோ' என்பதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான், பழையபடி சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். நிலைக்கிற குறைவு வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. தொப்பையை மட்டும் கரைக்கும் பயிற்சி என்று ஒன்று கிடையாது. தினம் 3 நிமிடம், 2 வாரத்தில் 10 பவுண்டு (சுமார் 4.5 கிலோ) குறையும் என்று டிவியில் விற்ற 'ஆப் சர்க்கிள் புரோ' என்ற வயிற்றுப் பயிற்சிக் கருவிக்காரர்கள் மீது அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. நடவடிக்கை எடுத்தது, வாங்கியவர்களுக்கு 2.5 கோடி டாலர் வரை திருப்பித் தர அவர்கள் 2012-ல் ஒத்துக்கொண்டார்கள். போட்டோவைப் பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பாருங்கள். முதல் படத்தில் நேர் எதிரே விளக்கு, தளர்ந்த தோள், தள்ளிய வயிறு. அடுத்ததில் மேலிருந்து விழும் ஒளி, இழுத்துப் பிடித்த மூச்சு. ஒரே சாயங்காலத்தில் இரண்டையும் எடுத்துவிடலாம்.

பயிற்சியாளரின் தகுதியைத் தயங்காமல் கேளுங்கள். உடல்நல ஆலோசனை சொல்லும் இன்ஃப்ளூயன்சர்கள் தங்கள் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நம் நாட்டின் விளம்பரத் தர அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2023-லேயே விதி வைத்துவிட்டது. பயிற்சியாளர்களுக்குச் சான்று தரும் அமெரிக்க அமைப்பான ஏ.சி.இ. மாதிரி இடத்துச் சான்றிதழ் என்றால் அவர்கள் தளத்திலேயே பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். தனக்கு சிக்ஸ் பேக் இருப்பது ஒரு தகுதி ஆகாது.

கவுண்ட்டவுன் ஓடுகிற பக்கத்தை பிரவுசரின் இன்காக்னிட்டோவில் (பழைய வருகையை நினைவில் வைக்காத ஜன்னல்) மறுபடி திறந்து பாருங்கள், பல இடங்களில் கடிகாரம் முதலிலிருந்து ஓடும். இந்தப் போலி அவசரத்தையும், சேர்வது சுலபம், விலகுவது கஷ்டம் என்கிற சந்தா வலையையும் மத்திய அரசு 2023 நவம்பரில் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் சேர்த்திருக்கிறது.

இதையெல்லாம் தாண்டி நிற்கிற புரோகிராம்கள் உண்டு. வாரம் ஒரு முறையாவது உங்கள் வீடியோவைப் பார்த்துத் திருத்துகிறார், குரூப்பில் 20 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்றால் மாதம் 2,000 ரூபாய்கூட அதிகம் இல்லை என்பேன், அதுவும் தனியாக ஆரம்பித்து ஆரம்பித்து விட்டுவிடுகிறவர்களுக்கு. ஆனால் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், வருடச் சந்தா வேண்டாம். சர்க்கரை, பிரஷர், இதயப் பிரச்சினை இருந்தால் அதற்கும் முன்பு டாக்டரைப் பாருங்கள். ரீஃபண்ட் விதி, விளம்பரத்தில் சொன்ன வாக்குறுதி இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்ய உதவும். கட்டின அன்றே யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாமல் மாதாமாதம் கழியும்படி எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே ரத்து செய்துவிடலாம்.