பண்டாராயா மீன் பிடிக்க இறங்கும் புதியவர்களுக்கு

ஜூன், ஜூலையில் கோலாலம்பூர்ப் பக்கம் மழை குறைந்து ஆறு வற்றியதும், வளர்த்தவர்கள் கைவிட்டு ஆற்றில் பெருகிவிட்ட தென் அமெரிக்கத் தொட்டி மீனான பண்டாராயாவை ஒழிக்க வலையோடு இறங்குகிற கூட்டம் வருஷா வருஷம் கூடுகிறது. சந்தோஷம்தான். ஆனால் கிள்ளான் ஆற்றில் போய்ச் சேரும் கோம்பாக் ஆற்றோரம் புதுப் பையன்களைப் பார்த்தால், அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த கூத்தெல்லாம் ஒன்று விடாமல் திரும்ப நடக்கிறது. பூட்ஸ் போடு, தனியாகப் போகாதே என்பதை யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விடுவது இவற்றைத்தான்.

கரையில் போட்டால் செத்துவிடும் என்று நம்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். இது கெளுத்தி வகை. செவுள் மட்டுமல்ல, இரைப்பையாலும் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். உடம்பில் ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே 20 மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். அசையாமல் கிடக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

ஒரு தடவை பையன்கள் சிலர் காலையெல்லாம் வலை வீசி நல்ல குவியலாகச் சேர்த்தார்கள். நாற்றம் வரக் கூடாதென்று சாக்கை நனைத்து மேலே போர்த்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நனைத்த சாக்கு! அதற்கு அதைவிட நல்ல படுக்கை கிடைக்குமா? கரையோ சரிவு. திரும்பி வந்தபோது குவியல் பாதிதான் இருந்தது. சேற்றில் வழுக்கிப் போன தடம் தண்ணீர் வரை தெரிந்தது. போனவற்றில் வயிறு பருத்த பெட்டைகளும் உண்டு. ஒவ்வொன்றின் வயிற்றிலும் நூற்றுக்கணக்கில் முட்டை. “பரவாயில்லண்ணே, போட்டோ எடுத்துட்டோம்” என்றான் ஒருவன். நான் பதில் சொல்லவில்லை.

பிடித்த கையோடு கொல்லுங்கள். உடம்பெல்லாம் கவசத் தகடு, கத்தி வழுக்கும். மரச் சுத்தியலால் கண்ணுக்குச் சற்றுப் பின்னே, தலை உச்சியில் ஓங்கி ஒரே அடி. அயல் மீன் என்பதற்காக மணிக்கணக்கில் திணறிச் சாக விடுவது பாவம். பிறகு மூடி போட்ட பீப்பாயில் போட்டு, கரையை விட்டுத் தள்ளி வையுங்கள். மூடி இல்லாவிட்டால் பியாவாக் (உடும்பு) வந்து இழுத்துப் போகும். இந்த வேலைக்கென்றே ஒருவர் கரையில் நிற்க வேண்டும். வலை வீச எல்லோருக்கும் ஆசை, இதற்குத்தான் ஆள் கிடைக்காது.

சிக்கிய மீனை வாலைப் பிடித்து இழுப்பது

துடுப்பு முள்ளும் தோலின் சொரசொரப்பும் பின்னோக்கிச் சாய்ந்தவை. தலைப் பக்கமாக முன்னே தள்ளி எடுங்கள். தடித்த கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

பொந்தை மண்வெட்டியால் வெட்டுவது

நீர் இறங்கியதும் கரைச் சுவரில் ஓட்டைகள் தெரியும். ஆண் மீன் அவற்றுக்குள் இருந்து முட்டையைக் காக்கும். சில பொந்துகள் ஒரு மீட்டர் ஆழம்கூடப் போகும். கரை சரிவதற்கு இந்தப் பொந்துகளும் ஒரு காரணம். நீங்களும் வெட்டினால் மீனின் மிச்ச வேலையை நீங்கள் செய்து கொடுத்ததாகிவிடும். வாயில் கைவலையை வைத்து, நீளக் கம்பால் மெதுவாகக் கிளறுங்கள், முட்டையையும் வழித்தெடுங்கள். கையை விட வேண்டாம். உள்ளே இருப்பது மீன்தான் என்று யார் சொன்னது?

ராத்திரி வலை கட்டிவிட்டுப் போவது

ஆமை மூழ்கிச் சாகும். வேண்டாம்.

தலைக்கு மேல் வெயில்தானே என்பது

ஆற்றின் மேற்பகுதியான உலு கோம்பாக் மலைப் பக்கம் வானம் கறுத்தால் ஏறிவிடுங்கள். தண்ணீர் தே தாரே (பால் தேநீர்) நிறத்துக்கு மாறி, சருகு மிதந்து வந்தால் கப்பாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரென இறங்கும் வெள்ளம், பின்னாலேயே வருகிறது. வலை போனால் போகட்டும்.

காய்ச்சலுக்கு வெறும் பனாடோல்

எலி மூத்திரக் காய்ச்சல் உடனே வராது; சில சமயம் மூன்று, நான்கு வாரம் கழித்தும் வரும். ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

சமைப்பது

கிள்ளான் ஆற்றுச் சேற்றைத் தின்று வளர்ந்ததையா?

குட்டியை வீட்டுக்குக் கொண்டு போவது

கூட வந்த பிள்ளைகள் செய்வது. விரல் நீளம்தானே, மீன் தொட்டியைச் சுத்தம் செய்யுமே என்று தண்ணீர் பாட்டிலில் பிடித்துப் போட்டுக்கொள்வார்கள். அது ஓர் அடிக்கு மேல் வளரும். தொட்டி போதாமல் ஒருநாள் அப்பா அதை லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) விடுவார். தென் அமெரிக்க மீன் கிள்ளான் ஆற்றுக்கு வந்ததே இப்படி வளர்த்தவர்கள் கைவிட்டுத்தான். கிளம்பும் முன் பாட்டில்களை வாங்கிப் பாருங்கள். பிள்ளை அழுதால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.