எம்35ஏ2 செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரிப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 டிரக்குகள் ஏலத்தில் பொதுமக்கள் கைக்கு வந்து, அங்கே பண்ணைகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டரை டன் வகை, 478 கன அங்குல மல்டிஃபியூயல் (பல வகை எரிபொருளில் ஓடும்) இன்ஜின். முரட்டு வண்டி, இன்ஜின் லேசில் கெடாது. புதிதாக வாங்கியவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது கரன்ட் விஷயத்தில்தான். பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி.

உடனே இரண்டு புது பேட்டரி வாங்குகிறார்கள். அதிலும் சரியாகாவிட்டால் ஸ்டார்ட்டரைக் கழற்றுகிறார்கள். இரண்டுமே பணம் தின்கிற வேலை. இந்த வயது வண்டியில் பெரும்பாலும் கோளாறு இருப்பது கேபிள் முனையிலும், நெகட்டிவ் கேபிள் சேஸிஸில் சேரும் இடமான எர்த்திலும்தான். அதனால் இந்த விளக்கத்தில் எதையும் மாற்றப் போவதில்லை, அளக்கப் போகிறோம்.

கையில் வேண்டியவை: சாதாரண மல்டிமீட்டர், கம்பி பிரஷ், உப்புத்தாள், ஸ்பேனர்கள், ஆப்பச் சோடா, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. கூடவே, பொத்தானை அழுத்த ஓர் ஆள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

இந்த வண்டி 24 வோல்ட். பயணி பக்கக் கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்றின் பாசிட்டிவ் மற்றதன் நெகட்டிவுக்குப் போகும். மிச்சமுள்ள பாசிட்டிவ் ஸ்டார்ட்டருக்கு, மிச்சமுள்ள நெகட்டிவ் சேஸிஸுக்கு. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் மாதிரி: ஒன்று சோர்ந்தால் மற்றது எவ்வளவு திடமாக இருந்தும் வண்டி நகராது.

சாவி கிடையாது. டாஷ்போர்டில் ஒரு அக்சசரி லீவர், ஸ்டார்ட் பொத்தான், இன்ஜினை நிறுத்த இழுக்கும் குமிழ், இவ்வளவுதான். டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல் என்பதால், இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டால் அதற்குக் கரன்ட் தேவையில்லை. அக்சசரி லீவரை அணைத்தாலும் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதில் ஒரு வம்பு உண்டு. குமிழை இழுத்து இன்ஜினை நிறுத்திவிட்டு, லீவரை அப்படியே விட்டுப் போய்விடுவார்கள். டேங்குக்குள் இருக்கும் எலக்ட்ரிக் பம்ப் ராத்திரி முழுக்க ஓடி, காலையில் பேட்டரி படுத்துக் கிடக்கும். புதிதாக வாங்கியவர் 'பேட்டரி நிற்கவே மாட்டேன் என்கிறது' என்று சொன்னால், முதலில் இந்தப் பழக்கத்தைத்தான் கேட்க வேண்டும்.

படி 1: காதால் பாருங்கள்

அக்சசரி லீவரைப் போடுங்கள். பிரேக் டேங்கில் காற்று இறங்கியிருந்தால் பஸ்ஸர் கத்தும். பலருக்கு இது எரிச்சல். எனக்கென்னவோ இதைவிட நல்ல இலவச டெஸ்டர் கிடையாது. பஸ்ஸர் பலமாகக் கத்தும்போது ஸ்டார்ட் பொத்தானை ஒரு நொடி அழுத்துங்கள்.

பஸ்ஸர் சுருதி இறங்கி முனகினால், வோல்ட்டேஜ் சரிகிறது. பேட்டரியோ கேபிளோ பலவீனம். பஸ்ஸர் கொஞ்சமும் அசராமல் கத்தி, செல்ஃபிலிருந்து சத்தமே வராவிட்டால், பொத்தானிலிருந்து சோலனாய்டுக்கு (ஸ்டார்ட்டருக்குக் கரன்ட் விடும் காந்த சுவிட்ச்) உத்தரவு போகவில்லை. ஒரே ஒரு கனத்த 'டக்' கேட்டு நின்றால், சோலனாய்டு இழுக்கிறது, ஆனால் மோட்டாருக்குக் கரன்ட் போய்ச் சேரவில்லை. 'டகடகடக' என்று வேகமாக அடித்தால் அனேகமாக பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது எங்கோ லூஸ் காண்டாக்ட்.

பஸ்ஸரே கத்தவில்லை, டேங்க் பக்கம் பம்ப்பின் முனகலும் இல்லை, மீட்டர் முள் எதுவும் அசையவில்லை என்றால், நேராகப் பேட்டரிப் பெட்டிக்குப் போங்கள்.

படி 2: இரண்டையும் தனித்தனியாக அளங்கள்

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கிளாம்பில் அல்ல, பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே முனையை வைத்து அளங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். 12-க்குக் கீழே என்றால் காலி. இரண்டும் சேர்ந்து 25-க்கு மேல் வர வேண்டும்.

மொத்தத்தை மட்டும் அளப்பதுதான் வழக்கமான தப்பு. 24.4 காட்டுகிறது, சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். பிரித்து அளந்தால் ஒன்று 12.7, மற்றது 11.7. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், முந்தைய முதலாளி ரேடியோவுக்கோ போன் சார்ஜருக்கோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் ஒயர் இழுத்திருப்பார். அந்தப் பேட்டரி தினமும் கூடுதலாக இறங்கும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி ஆசிட் கொதிக்கும். இரண்டும் கெடும். அப்படி ஒயர் இருந்தால் பிடுங்கி எறியுங்கள். 12 வோல்ட் கட்டாயம் வேண்டுமென்றால் 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரோ பேட்டரி ஈக்வலைசரோ போடலாம்.

இறங்கிய பேட்டரிகளை இணைப்பைக் கழற்றி, ஒவ்வொன்றாக 12 வோல்ட் சார்ஜரில் போடுங்கள். முழுக்க ஏற்றிய பிறகும் ஒரு ராத்திரியில் தானாக இறங்கினால் அந்தப் பேட்டரி முடிந்தது. வாங்கும்போது இரண்டையும் ஒன்றாக, ஒரே வகையில் வாங்குங்கள். புதியதைப் பழையதோடு சேர்த்தால், பழையது புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். ராணுவ அளவான 6டி பேட்டரி ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல். தனியாளாகத் தூக்கி முதுகைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

குளிர்ப் பிரதேசமாக இருந்தால் இன்னொன்று: சார்ஜ் இறங்கிய பேட்டரி கடும் குளிரில் உறைந்துவிடும். உப்பிய பெட்டி, விரிசல் கண்ணில் பட்டால் அதற்கு சார்ஜ் போடவே கூடாது.

படி 3: கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்

கழற்றும்போது சேஸிஸுக்குப் போகும் நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில். காரணம் உண்டு. பெட்டி இரும்பு. பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் பெட்டியின் விளிம்பில் பட்டால், எர்த் இணைந்திருக்கும் நிலையில் நேரடி ஷார்ட். ஸ்பேனர் பழுத்து ஒட்டிக்கொள்ளும், மேலே இருக்கும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கவும் கூடும். மோதிரம், இரும்பு ஸ்டிராப் வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வேலையில் இறங்குங்கள்.

கிளாம்பின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே கறுத்துப் போயிருப்பது சகஜம். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதை, ஆப்பச் சோடா கரைத்த தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நுரைக்கும், நுரை அடங்கும்வரை விடுங்கள். பேட்டரி மூடித் துளைக்குள் மட்டும் அது போகக்கூடாது. பிறகு கம்பி பிரஷ் போட்டு ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். கேபிளை வளைத்துப் பாருங்கள். கிளாம்புக்குப் பக்கத்தில் ரப்பர் உறை உப்பி விறைப்பாக இருந்தால் உள்ளே செம்பு பொடிந்து போயிருக்கும்.

அடுத்து எர்த். நெகட்டிவ் கேபிள் சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். ராணுவப் பணிமனையில் எத்தனை தடவை பச்சை பெயின்ட் அடித்தார்களோ, அத்தனை அடுக்கும் கேபிள் முனையில் இருக்கும் லக்குக்கு (போல்ட் நுழையும் வளையம்) அடியில் இருக்கும். சுரண்டி வெறும் இரும்பைக் கொண்டுவந்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பல வண்டிகள் இந்த இடத்திலேயே பிழைத்துவிடும்.

படி 4: லோடில் அளங்கள்

கேபிள் நல்லதா கெட்டதா என்பது கரன்ட் ஓடும்போதுதான் தெரியும். முதலில் கியரை நியூட்ரலில் வையுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். நிறுத்தும் குமிழை வெளியே இழுத்து வைத்தால் டீசல் போகாது, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்றும். கூட இருப்பவர் சில நொடிகள் பொத்தானை அழுத்தட்டும்.

ஒவ்வொரு பேட்டரியும் அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. பிறகு மீட்டரின் சிவப்பு முனையை ஸ்டார்ட்டருக்குப் போகும் பாசிட்டிவ் கம்பத்திலும், கறுப்பை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டிலும் வைத்து மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் அந்தக் கேபிள் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ அடைப்பு. அதேபோல் சேஸிஸுக்குப் போகும் நெகட்டிவ் கம்பத்துக்கும் ஸ்டார்ட்டரின் உடம்புக்கும் நடுவே அளங்கள்; எர்த் பக்கத்துக் குறை இதில் வெளிப்படும். இரண்டு பேட்டரியையும் இணைக்கும் குட்டிக் கேபிளையும் விடாதீர்கள்.

இவை எல்லாம் சரி, பேட்டரியும் சரி, அப்படியும் 'டக்' மட்டும்தான் என்றால், இப்போது ஸ்டார்ட்டரைச் சந்தேகப்படலாம். சத்தமே இல்லையென்றால், பொத்தானை அழுத்தும்போது சோலனாய்டின் சிறிய முனையில் 24 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கோளாறு சோலனாய்டில். வராவிட்டால் பொத்தானில் அல்லது ஒயரில். ஒயர்களில் எண் பொறித்த உலோக வில்லைகள் மாட்டியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் வழி தவறாது.

ஒரு எச்சரிக்கை: தொடர்ந்து அரை நிமிடத்துக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். இடையில் இரண்டு நிமிடமாவது மோட்டார் ஆறட்டும்.

படி 5: சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

இது பேட்டரிக் கதை அல்ல. நிறுத்தும் குமிழ் முழுக்க உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். கேபிள் துருவேறி இறுகியிருந்தால் குமிழ் உள்ளே போனாலும் பம்ப்பில் லீவர் திரும்பியிருக்காது. டேங்க் பம்ப் முனகுகிறதா? ஃபில்டரில் ஏர் பிடித்திருந்தால், அக்சசரி லீவரைப் போட்டுவிட்டு ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குருவைத் தளர்த்துங்கள். டேங்க் பம்ப்பே டீசலைத் தள்ளி ஏரை வெளியேற்றிவிடும். குமிழி நின்றதும் இறுக்குங்கள்.

சீக்கிரம் ஸ்டார்ட் ஆக இன்டேக்கில் அடிக்கும் ஈதர் ஸ்பிரே மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் 22-க்கு 1. பிஸ்டனையே உடைத்துவிடும். குளிருக்கென்று இன்டேக்கில் நெருப்பு ஹீட்டர் வைத்த வண்டியில் அது இன்னும் ஆபத்து.

படி 6: சார்ஜ் ஏறுகிறதா?

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி, இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து அளங்கள். 27.5 முதல் 28.5 வரை இருந்தால் நல்லது. 26-க்குக் கீழேயே நின்றால் பெல்ட்டையும் ஆல்டர்நேட்டர் ஒயரையும் பாருங்கள். 29-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, ஆசிட் கொதித்து வற்றிவிடும். இன்ஜின் ஓடும்போது 'சோதித்துப் பார்க்கலாமே' என்று பேட்டரிக் கேபிளைக் கழற்றினால் ஆல்டர்நேட்டரின் டயோடுகள் போய்விடும்.

சார்ஜ் நன்றாக ஏறியும் நிறுத்தி வைத்தால் இறங்குகிறதா? நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் கம்பத்துக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்து இணையுங்கள். அந்த நேரத்தில் யாரும் ஸ்டார்ட் பொத்தானைத் தொடக்கூடாது, மீட்டர் எரிந்துவிடும். இந்த வண்டியில் கடிகாரமோ கம்ப்யூட்டரோ கிடையாது, ஆகவே எல்லாம் அணைந்திருந்தால் மீட்டர் ஏறக்குறைய சைபர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் லைட் சுவிட்சைப் பாருங்கள். எதிரி விமானத்துக்குத் தெரியாதபடி மங்கலாக எரியும் பிளாக்அவுட் விளக்குகள் பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கும் தெரியாது. கையால் மறைத்துக் குனிந்து பார்த்தால்தான் உண்டு.

அவசரத்துக்கு ஜம்ப் கொடுக்க வேண்டியிருந்தால், 24 வோல்ட் வண்டியிலிருந்து மட்டும். ராணுவ ஸ்லேவ் கேபிளும் (இரண்டு வண்டிகளை இணைக்கும் ஜம்ப் கேபிள்) அதற்கான சாக்கெட்டும் இருந்தால் வேலை சுலபம். பக்கத்து வீட்டுக் காரை இழுத்து வந்து மொத்த 24 வோல்ட்டில் மாட்டினால் காருக்குத்தான் நஷ்டம். வேறு வழியே இல்லையென்றால் இரண்டு பேட்டரியையும் சார்ஜரில் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.