வடு மாங்காய்க்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

மாசி பிறந்தால் எங்கள் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் வடு வந்துவிடும். புதிதாக ஊறுகாய் போடுபவர்கள், உப்பு கரையட்டும் என்று முதல் நாளே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தேவையான தண்ணீர் மாங்காய்க்குள்ளேயே இருக்கிறது.

ஒரு கிலோ வடுவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் லேசாகத் தடவுங்கள். 200 கிராம் கல்லுப்பு சேர்த்து ஜாடியில் (எங்களுக்குப் பரணி) மூடி வைத்து, தினமும் இரண்டு முறை குலுக்குங்கள். மூன்று நான்கு நாளில் வடு சுருங்கி, அடியில் நீர் நிற்கும். அந்த நீரிலேதான் கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி எல்லாம் சேர வேண்டும்.

பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான் இது. செல்லின் சவ்வு தண்ணீரை எளிதாக விடும், உப்பை அவ்வளவு எளிதாக விடாது. வெளியே உப்பு அதிகம் என்பதால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வருகிறது. தண்ணீர் போய்வர சவ்வில் அக்குவாபோரின் என்ற புரதக் குழாய்களே இருக்கின்றன! அவற்றைக் கண்டறிந்ததற்காகத்தான் பீட்டர் அக்ரே 2003-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கெடுக்கும் கிருமிகளின் நீரையும் உப்பு இப்படியே இழுத்துவிடும். தண்ணீர் ஊற்றினால் உப்பின் வலு குறைந்து பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம், வாடிய கொத்தமல்லிக்கு இதையே திருப்பிச் செய்யலாம். உப்பில்லாத குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள், நிமிர்ந்துவிடும்.