பூதத்தின் தலை ஒன்பது கிலோ

போன வாரம் ஒரு கல்லூரி நாடகக் குழுவின் ஒத்திகைக்குப் போயிருந்தேன். ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்திருக்கும் பூதத்தின் கதை. கூடத்து மூலையில் பூதத்தின் தலை காய்ந்துகொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன், ஒரு கையால் முடியவில்லை. 14 வருடத்துக்கு முன்னால் நாங்கள் செய்த அதே தலை. கொம்பு மட்டும்தான் வேறு.

அந்த எரிச்சலில்தான், நாடகத்துக்குப் பொம்மையும் செட்டும் செய்கிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தப்புகளை எழுதுகிறேன். பசை காயும் முன்னால் பெயின்ட் அடிப்பது, தெர்மாகோலில் தின்னர் பட்டுக் கரைவது எல்லாம் ஒரு தடவை பட்டால் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தூக்குகிறவனை மறந்துவிட்டுப் பொம்மை செய்வது

எங்கள் தலைக்கு மூங்கில் பிளாச்சில் கூடு கட்டிப் பேப்பர் ஒட்டினோம். நாலைந்து அடுக்கு போதும். "இன்னும் ஒரு கோட்டிங் போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்டா" என்று ஆளாளுக்கு ஒட்டிப் பன்னிரண்டு ஆயிற்று. வழுவழுப்பாக இருக்கட்டும் என்று அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசிய புண்ணியவான் நான்தான். மேசைமேல் அம்சமாக இருந்தது. நாடகத்தன்று காலையில் சந்தேகம் வந்து, பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தோம். 9 கிலோ. கடைக்காரர், "எடைக்குப் போடுறீங்களா தம்பி?" என்றார்.

அதை ஆறடிக் கம்பில் செருகி, ஒருவன் பத்து நிமிடம் தலைக்குமேல் பிடிக்க வேண்டும். நாலாவது நிமிடமே பூதம் குனிய ஆரம்பித்தது. இளவரசியை மிரட்ட வேண்டிய இடத்தில் அவளைக் கும்பிட்டுக்கொண்டு நின்றது. அரங்கமே சிரித்தது. தூக்கிய நண்பனுக்கு ஒரு வாரம் கை மேலே எழவில்லை. ஒத்திகை முழுக்க அவன் கையில் நாங்கள் கொடுத்திருந்தது வெறும் கம்பு. "தலை காயுதுடா" என்றே மூன்று வாரம் ஓட்டியிருந்தோம். இன்றைக்கும் மனசை அறுப்பது அதுதான்.

எடையைவிட, எடை எங்கே உட்காருகிறது என்பதுதான் பெரிய விஷயம். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும். அதையே முதுகில் மாட்டினால் ஊரைச் சுற்றி வரலாம். நம் பொம்மலாட்டக்காரர்களின் மரப்பொம்மை 10 கிலோகூட வரும். நூல்களை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, வளையத்தைக் கிரீடம்போல் தலையில் மாட்டிக்கொள்வார்கள். பாரம் தலைக்குப் போய்விடும், கைகள் பொம்மையின் கைக்கம்பிகளை ஆட்டும். பொய்க்கால் குதிரையின் கூடும் தோளில்தான் தொங்குகிறது. கூத்துக் கிரீடத்தையும் தோளில் கட்டும் புஜக்கட்டையையும் லேசான கல்யாண முருங்கை மரத்தில் செய்கிறார்கள், விடிய விடிய ஆட வேண்டுமே!

அதனால் முதலில் பழைய ஸ்கூல் பேக்கில் பிவிசி பைப்பைக் கட்டி, தூக்குகிறவன் முதுகுக்குச் சரிபாருங்கள். தலையை ஃபோம் ஷீட்டில் வெட்டிக் காடாத் துணி போர்த்துங்கள். மூக்குக்கும் புருவத்துக்கும் மட்டும் பேப்பர். 2 கிலோவைத் தொட்டதும் பசைச் சட்டியை ஒளித்து வையுங்கள். முதல் ஒத்திகையிலேயே, தலை வர வேண்டிய இடத்தில் அதே எடைக்கு ஒரு மணல் பை கட்டிவிடுங்கள்.

கண்ணை மேசையில் வைத்து வரைவது

மேசையில் நம்மை நேராகப் பார்க்கும் பொம்மை, மேடையில் ஏறியதும் ஃபேனைப் பார்க்கும். ஜனங்கள் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள் இல்லையா? கருவிழிக்கு முதலில் கறுப்புக் காகித வட்டத்தை ஒட்டுங்கள். ஒருவர் பொம்மையை மேடையில் பிடிக்க, நீங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து நகர்த்தச் சொல்லுங்கள். கொஞ்சம் கீழே, துளி மூக்குப் பக்கம். விரல்நகம் அளவு நகர்ந்ததும் பொம்மை சட்டென்று உங்களைப் பார்க்கும். பெயின்ட் அதற்கப்புறம்.

வெயிலில் கலர் முடிவு செய்வது

மஞ்சள் விளக்கில் நீலக் கடல் சாக்கடையாகிவிடும். ஓர் அட்டைத் துண்டில் அடித்து, மேடை விளக்கில் காட்டிவிட்டு டப்பாவைத் திறங்கள்.

பளபளக்கும் எனாமல்

வேண்டாம்.

தெர்மாகோல் மலைக்குப் பக்கத்தில் ஹாலஜன் விளக்கு

கூடவே கூடாது. உருகினால் நஷ்டம், பற்றினால் விஷப்புகை.

வெறும் மைதாப் பசை

எலிக்கும் கரப்பானுக்கும் விருந்து. துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது பைண்டிங் கடைப் பழக்கம். அது விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வாசல்

கட்டுவதற்கு முன்னால் கதவை அளந்துகொள்ளுங்கள், கட்டும் கூடத்தின் கதவு, அரங்கத்தின் கதவு இரண்டையும். அந்தப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழாவது மலை ஏழடி அகலம், ஒரே துண்டு. கூடத்துக் கதவு நாலடி.

"அண்ணா, ஆறு மலைன்னு கதையை மாத்திக்கலாமா?" என்றாள் ஒருத்தி.